நானும் நாத்தனாரும் உடம்பைச் சுத்தம் செய்த எட்டு நாட்கள்

எனக்கு வலது முழங்கால்தான் முதலில் மக்கர் செய்தது. கப்பலூரில் பிளாஸ்டிக் குடமும் வாளியும் செய்கிற ஒரு கம்பெனியில் கேண்டீன் நடத்துகிறேன். எழுபது பேருக்கு மதியச் சாப்பாடு, காலையும் மாலையும் டீ. பதினோரு வருடமாக நின்றுகொண்டே செய்கிற வேலை. ஆனையூரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். பஸ் படியில் வலது காலை வைக்கும்போது உள்ளே ஏதோ உரசுகிற மாதிரி இருக்கும். கொஞ்ச நாள் இடது காலை வைத்து ஏறினேன். பிறகு இடதும் உரசத் தொடங்கியது.

டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, "தேய ஆரம்பிச்சிருக்கும்மா. எடையைக் குறைச்சா வலி நல்லாக் குறையும். சோத்தைக் குறைங்க, காயைக் கூட்டுங்க, தினமும் நடங்க. இந்தப் பயிற்சிகளையும் செய்ங்க" என்று கால்படம் போட்ட ஒரு தாளைக் கொடுத்தார். தாளை வாங்கி வந்து பிரிட்ஜ் மேல் வைத்தேன். அதன் மேல் கரண்ட் பில் வந்து உட்கார்ந்தது. அதற்கும் மேல் ஒரு கல்யாணப் பத்திரிகை.

கம்பெனியில் சரக்கு எடை போடும் இரும்பு மேடை ஒன்று உண்டு. மறுநாள் மூட்டை இறக்குகிறவர்கள் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து அதில் ஏறி நின்றேன். யாரும் இல்லை என்று நினைத்தது என் தப்பு. இருபத்தைந்து கிலோ பிளாஸ்டிக் குருணை மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து லோடிங் மேஸ்திரி எட்டிப் பார்த்து, "எண்பத்தாறு, அக்கா. மூணரை மூட்டை" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. எதைப் பார்த்தாலும் மூட்டைக் கணக்கில் சொல்வது அவருக்குப் பழக்கம். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

அந்த வாரம்தான் நாத்தனார் போன் செய்தாள்.

அவள் என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. நான் கல்யாணமாகி வந்தபோது அவளுக்குப் பதினெட்டு வயது. அவள் கல்யாணமாகி டி. கல்லுப்பட்டிக்குப் போகும்வரை மூன்று வருடம் ஒரே அடுப்படியில் இடித்துக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தோம். இப்போது அவள் வீட்டில் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள். அவள் வீட்டுக்காரர் திருப்பூரில் வேலை பார்க்கிறார், மாதம் ஒருமுறை வருவார். மகன் கோயம்புத்தூரில் படிக்கிறான். ஆறு வருடமாக அவளுக்குச் சுகர். காலையும் இரவும் மாத்திரை.

"மதினி, உங்களை ஒரு குரூப்புல சேத்துவிட்டிருக்கேன், பாத்தீகளா?"

"என்ன குரூப்பு?"

"டீடாக்ஸு மதினி. பதினாலு நாள் உடம்பைச் சுத்தம் பண்ற டயட்டு. ஒருத்தவுக எட்டுக் கிலோ குறைஞ்சிருக்காக, போட்டோ போட்டிருக்காக. உங்க காலுக்கும் ஆச்சு, என் சுகருக்கும் ஆச்சு. வாங்க, ரெண்டு பேரும் சேந்து இருப்போம்."

போனைத் திறந்து பார்த்தேன். இடது பக்கம் குண்டாக, முகத்தைத் தொங்கப்போட்டு நிற்கிற பெண்கள். வலது பக்கம் அதே பெண்கள் மெலிந்து, புதுச் சுடிதார் போட்டுச் சிரிக்கிறார்கள். குரூப்பை நடத்துகிற பெண்மணியின் முகத்தை யாரும் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான். தினமும் காலை ஐந்து மணிக்கு அந்தக் குரல் வரும். "செல்லங்களா, காலை வணக்கம். இத்தனை வருஷமா நாம சாப்பிட்ட எண்ணெய், மாவு, சீனி எல்லாம் நஞ்சா மாறிக் குடல்ல ஒட்டிக்கிட்டிருக்கு. பதினாலே நாள்ல சுரண்டி எடுத்துருவோம்."

எனக்கு இது உடனே பிடிபட்டது. தினமும் அடிப்பிடித்த அண்டாவைச் சுரண்டுகிறவள் நான். என் வயிறும் ஓர் அண்டா என்று யாராவது சொன்னால் நம்பாமல் என்ன செய்வேன்? முழங்கால் டாக்டர் சொன்னது மாதக்கணக்கில் ஆகிற காரியம். இது பதினாலே நாள். குரூப்பிலிருந்து ஒரு பச்சைப் பொடியும் பார்சலில் வந்து சேர்ந்தது.

வீட்டுக்காரர் போர் மோட்டார் பழுது பார்க்கிறவர். பொடி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா ஓடிக்கிட்டிருக்கிற மோட்டாரை எதுக்கு இப்பப் பிரிக்கிற?" என்றார்.

"நல்லாவா ஓடுது? படியேற முடியல."

"அது பேரிங்கு தேய்மானம். அதுக்கு எதுக்கு உள்ள கழுவணும்?"

நான் டப்பாவை அவர் கையிலிருந்து வாங்கி அலமாரியில் வைத்தேன்.

முதல் நாள் ஒரு திங்கட்கிழமை. எழுந்ததும் வெந்நீரில் எலுமிச்சம்பழம். எட்டு மணிக்கு வெள்ளைப் பூசணிச் சாறு. மதியம் கேரட்டும் பீட்ரூட்டும் அடித்த சாறு. சாயங்காலம் பச்சைப் பொடி கலக்கிய தண்ணீர். ராத்திரி காய் வேகவைத்த தண்ணீர், காய் இல்லாமல். சோறு, டீ, எண்ணெய், உப்பு எதுவும் கூடாது. ஒரு பருக்கை உள்ளே போனாலும் சுத்தம் கெட்டுவிடும், திரும்ப முதல் நாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று உத்தரவு.

முதல் இரண்டு நாள் நன்றாகவே இருந்தது. பசித்தது, ஆனால் அந்தப் பசியில் ஒரு பெருமையும் இருந்தது. எழுபது பேருக்குச் சோறு வடித்துவிட்டு, நான் மட்டும் ஒரு மூலையில் உட்கார்ந்து சிவப்புச் சாற்றை உறிஞ்சுவேன். மெஷின் ஓட்டுகிற பையன்கள் வந்து, "என்னக்கா, ஒரே ஜூஸா இருக்கு?" என்று கேட்பார்கள். "உடம்பு சுத்தமாகுதுடா" என்பேன், ஏதோ மலைக்கு மாலை போட்டவள் மாதிரி.

மூன்றாம் நாள் தலைவலி பிளந்தது. முப்பது வருடமாக ஒரு நாளைக்கு ஐந்து டீ குடித்த தலை அது. நாத்தனாருக்கும் தலைவலியாம். குரூப்பில் போட்டோம். "சந்தோஷமான செய்தி செல்லங்களா! நஞ்சு வெளியேற ஆரம்பிச்சிருச்சு" என்று குரல் வந்தது. ஒருத்திக்குத் தலைசுற்றல், அதுவும் நஞ்சு வெளியேறுவதுதான். இன்னொருத்திக்கு வீட்டில் எல்லோர் மேலும் எரிச்சல், அதுவும் அப்படித்தான். நாலாம் நாள் காலையில், பச்சைப் பொடியின் உபயத்தில், நான் நாலு தடவை கழிவறைக்கு ஓடினேன். அதற்குக் கைதட்டுகிற பொம்மையே வந்தது. பின்னால் யோசித்துப் பார்த்தேன். உடம்புக்கு நல்லது நடந்தால் சாறு வேலை செய்கிறது. கெட்டது நடந்தாலும் சாறு வேலை செய்கிறது. அந்தச் சாறு தோற்பதற்கு வழியே இல்லை. அன்றைக்கு அது எனக்குத் தோன்றவில்லை. நானும் ஒரு கைதட்டல் பொம்மையைப் போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

எனக்குப் பெரிய சிக்கல் வேறு இடத்தில் வந்தது. சமைக்கிறவள் உப்புப் பார்க்காமல் எப்படி இருப்பாள்? குழம்பு கொதிக்கும்போது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பது என் கை தானாகச் செய்கிற காரியம். அதுவும் கூடாது. உதவிக்கு இருக்கிற அக்காவை ருசி பார்க்கச் சொன்னேன். அந்த அக்காவுக்கு பி.பி. வருடக்கணக்காக உப்புக் குறைத்துச் சாப்பிட்டுப் பழகியவர். அவர் "போதும், போதும், இதுக்கே கரிக்குது" என்றார். அன்றைக்குச் சாம்பார் வெறும் பருப்புத் தண்ணீராகப் போய்விட்டது. வரிசையில் முதலில் நின்ற போர்மேன் அண்ணன் ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏம்மா, உப்பு விலை ஏறிப்போச்சா?"

மறுநாள் நான் அக்காவை நம்பவில்லை, என் கண் அளவை நம்பினேன். தலைவலியோடு போட்ட உப்பு, போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்து இன்னொரு கை. புளிக்குழம்பை வாயில் வைக்க முடியவில்லையாம். போர்மேன் அண்ணன் அன்றைக்குக் குழம்பை ஒதுக்கித் தள்ளினார். மோர் மட்டும் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். எச்சில் டிரம் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. பதினோரு வருடத்தில் நான் அப்படிப் பார்த்ததில்லை. அந்த டிரம்மைப் பார்த்தபோது வயிற்றில் இருந்த பசியை விட வேறு ஏதோ வலித்தது. வெயிலில் வந்த பால்காரரைக் காரணமில்லாமல் திட்டினேன். அவர் ஒன்றும் புரியாமல் கேனைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஆனால் அதே நாள் சாயங்காலம் இரும்பு மேடையில் ஏறினேன். எண்பத்திரண்டு. ஐந்தே நாளில் நாலு கிலோ! லோடிங் மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஜாக்கெட் கை லேசாகத் தளர்ந்திருந்தது. உப்பு, புளிக்குழம்பு, பால்காரர் எல்லாம் மறந்து போயிற்று. பஸ்ஸிலிருந்தே நாத்தனாரைக் கூப்பிட்டேன்.

"எனக்கும் மூணரை மதினி! அதை விடுங்க, சுகரைக் கேளுங்க. வீட்டு மெஷின்ல பாத்தேன். இருநூறுக்கு மேல நிக்கும்ல, இன்னைக்கு நூறு. ஆறு வருஷத்துல இம்புட்டுக் குறைஞ்சு நான் பாத்ததே இல்ல."

"மாத்திரை?"

"அது பாட்டுக்குப் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். பதினாலு நாள் முடியட்டும், அதையும் நிறுத்திருவோம்."

சந்தோஷத்தில் அவள் குரல் உயர்ந்திருந்தது. நானும் சிரித்தேன். சாப்பாட்டை முழுக்க நிறுத்திவிட்டு மாத்திரையை மட்டும் போடலாமா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்கும் அந்த போன் பேச்சை நினைத்தால் என் மேலேயே எனக்குக் கோபம் வரும்.

ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, விடுமுறையில் அவளைப் போய்ப் பார்க்கலாம் என்று முதலில் நினைத்தேன். கம்பெனியில் அவசர ஆர்டர், ஞாயிறும் ஷிப்டு. அதனால் திங்கட்கிழமை மாற்று விடுப்பு கிடைத்தது. திருமங்கலம் போய் பஸ் மாறினேன். பையில் என் பச்சைப் பொடி டப்பாவும், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பெரிய வெள்ளைப் பூசணியும்.

பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். கதவு திறந்தே கிடந்தது. அவள் தையல் மெஷினுக்கு முன்னால், ஸ்டூலில் இல்லை, தரையில் உட்கார்ந்திருந்தாள். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் கழுத்தும் நெற்றியும் தண்ணீர் ஊற்றியது போல் நனைந்திருந்தன. மடியில் ஒரு ஜாக்கெட். அதில் கையைக் கழுத்தோடு சேர்த்துத் தைத்து வைத்திருந்தாள்.

"என்ன புள்ள, கீழ உக்காந்திருக்க?"

என்னைப் பார்த்தாள். யாரென்று தெரியாதவள் மாதிரிப் பார்த்தாள். அப்புறம், "அண்ணன் சாப்பிட்டுச்சா?" என்றாள்.

"சாப்பிட்டாரு. நீ ஏன் இப்பிடி வேத்திருக்க?"

"அண்ணன் சாப்பிட்டுச்சா?"

மறுபடியும் அதே கேள்வி. கையைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது, விரல்கள் நடுங்கின.

அதற்கு இரண்டு வருடம் முன்பு எங்கள் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிற ஒருவர் இப்படித்தான் வேர்த்துச் சரிந்தார். அதற்குப் பிறகு முதலுதவி சொல்லிக்கொடுக்க ஒருவரை வரவழைத்தார்கள். கேண்டீன்காரியும் தெரிந்துகொள்ளட்டும் என்று என்னையும் உட்கார வைத்தார்கள். "சுகர் மாத்திரை போடுறவங்க திடீர்னு வேர்த்து நடுங்கினா, பேச்சு குழறினா, முதல்ல சீனி. முழிச்சு, முழுங்குற நிலைமையில இருந்தா மட்டும் வாயில குடுங்க. மயக்கமாயிட்டா வாயில எதையும் ஊத்தாம ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க" என்று அவர் சொன்னது அந்த நேரத்தில் காதுக்குள் கேட்டது.

அடுப்படிக்கு ஓடினேன். முழங்காலைப் பற்றி நினைக்கவே இல்லை. ஒரு டம்ளர் தண்ணீரில் நாலு கரண்டி சீனியைக் கலக்கிக்கொண்டு வந்தேன். வாய் அருகே கொண்டுபோனதும் முகத்தைத் திருப்பினாள்.

"சீனி வேணாம் மதினி... சுத்தம் கெட்டுரும்."

"கெடட்டும், குடி!" என்று அதட்டினேன். அவள் மேல் நான் அப்படிக் குரல் உயர்த்தியதே கிடையாது. அந்த அதட்டலில்தான் குடித்தாள். மடக்கு மடக்காக முழுவதும் குடித்து முடித்தாள். அவள் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடம் இருக்கும், எனக்கு அது ஒரு நாள் மாதிரி இருந்தது. மெல்ல வேர்வை அடங்கியது. கண் தெளிந்தது. மடியில் இருந்த ஜாக்கெட்டைத் தூக்கிப் பார்த்தாள்.

"இதை எந்தக் கிறுக்கி தச்சா?" என்றாள்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. எதிர்வீட்டில் ஆட்டோ இருந்தது. அதில் ஏற்றி ஊருக்குள்ளேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே இருந்த டாக்டர் அம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. விரலில் குத்திப் பார்த்தார். அவ்வளவு சீனி குடித்த பிறகும் குறைவாகவே காட்டியது. உடனே குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எங்கள் முன்னால் உட்கார்ந்தார்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"பூசணிச் சாறு."

"நேத்து?"

"பூசணிச் சாறு, பீட்ரூட் சாறு, ஒரு பொடி..."

"எத்தனை நாளா?"

"எட்டாவது நாள்."

"மாத்திரை?"

"அதை விடவே இல்லீங்க டாக்டர். வேளை தவறாமப் போட்டேன்" என்றாள் நாத்தனார், பரீட்சையில் ஒரு கேள்விக்காவது சரியாகப் பதில் சொன்ன பிள்ளை மாதிரி.

டாக்டர் அம்மா தன் தலையில் கை வைத்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"அக்கா, இந்த மாத்திரை நீங்க சாப்பிடுற சாப்பாட்டுக்கு ஏத்த மாதிரி குடுத்தது. சாப்பாட்டை நிறுத்திட்டீங்க, மாத்திரை அது வேலையைப் பாத்துக்கிட்டே இருக்கு. சுகர் இறங்காம என்ன செய்யும்?"

"நூறு காட்டுச்சே டாக்டர். நார்மலாயிருச்சுன்னு நெனச்சேன்."

"நார்மலாயி நிக்கல. கீழ இறங்கிக்கிட்டே இருந்திருக்கு. நீங்க நடுவழியில பாத்துட்டுச் சந்தோஷப்பட்டிருக்கீங்க."

நாத்தனார் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்தபடி படுத்திருந்தாள். நான்தான் கேட்டேன். "அப்ப அந்த நஞ்சு வெளியேறுறது எல்லாம்?"

"என்ன நஞ்சுன்னு பேர் சொன்னாங்களா?"

யோசித்துப் பார்த்தேன். எட்டு நாளாக அத்தனை குரல் பதிவு கேட்டிருக்கிறேன். ஒரு நாள்கூட அந்த நஞ்சுக்கு ஒரு பெயர் சொன்னதில்லை.

"கழிவை வெளியேத்துறதுக்குன்னே கல்லீரலும் கிட்னியும் இருக்குக்கா. நீங்க பிறந்ததுல இருந்து ஒரு நாள் லீவு போடாம அதைத்தான் செஞ்சுக்கிட்டிருக்கு. ஜூஸ் குடிச்சு அதை யாரும் கழுவ முடியாது. அதுக்கு நாம செய்ய வேண்டியது, அளவாச் சாப்பிடணும், தண்ணி குடிக்கணும், தேவையில்லாததைப் போட்டு அதுக்கு வேலையைக் கூட்டாம இருக்கணும். அம்புட்டுத்தான்."

டாக்டர் அம்மா வாயிலிருந்து 'அம்புட்டு' வந்ததும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. நம்ம பக்கத்துப் பிள்ளைதான். என் நாலு கிலோவைப் பற்றிச் சொன்னேன். அதையாவது பாராட்டுவார் என்று ஆசை.

"சோத்தை ஒரேயடியா நிறுத்தினா உடம்பு முதல்ல தண்ணியைத்தான் விடும். கொஞ்சம் சதையும் கரையும். பழையபடி சாப்பிட ஆரம்பிச்சதும் பெரும்பாலும் திரும்பி வந்துரும். உங்களுக்கு முழங்கால் வலின்னு சொல்றீங்க. முழங்காலைத் தாங்குறது தொடைச் சதைதான். பருப்பு, முட்டை எதுவும் இல்லாமப் பட்டினி கிடந்து அந்தச் சதையைக் கரைச்சா, கால் இன்னும் மோசமாத்தான் போகும்."

பையில் இருந்த பச்சைப் பொடியை எடுத்துக் காட்டினேன். டப்பாவைச் சுற்றிலும் பார்த்தார். 'அரிய மூலிகைகள்' என்று மட்டும் எழுதியிருந்தது. எந்த மூலிகை, எவ்வளவு என்று ஒரு வரியும் இல்லை. "பேதி போறதைப் பாத்தா பேதி மருந்து ஏதோ கலந்திருக்கலாம். தெரியல. என்ன இருக்குன்னு எனக்கும் தெரியல, உங்களுக்கும் தெரியல. அப்ப எதுக்கு உள்ள போகணும்?" என்று திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப இந்தப் பூசணிக்காய் தப்பா டாக்டர்?" நாத்தனார் படுத்தபடியே கேட்டாள். நான் கொண்டுவந்த பூசணி ஆட்டோவிலேயே எங்களோடு வந்து, கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தது.

டாக்டர் அம்மா முதல் தடவையாகச் சிரித்தார். "அது என்னக்கா பாவம் பண்ணுச்சு? நல்ல காய். பருப்புப் போட்டுக் கூட்டு வச்சு, கொஞ்சம் சோத்தோட சாப்பிடுங்க. நல்ல ஆரோக்கியமா இருக்கிறவங்க ரெண்டு நாள் ஜூஸ் குடிச்சா பெருசா ஒண்ணும் ஆகிறாது. பெருசா ஒண்ணும் கிடைக்கவும் கிடைக்காது. சுகர், பி.பி., கிட்னிக்கு மாத்திரை போடுறவங்க இந்த விளையாட்டுக்கே போகக் கூடாது."

அந்த மாத்திரையின் வேகம் சீக்கிரம் அடங்காது, மறுபடியும் இறங்கலாம் என்று மறுநாள் காலை வரை அங்கேயே வைத்துப் பார்த்தார்கள். நாலு மணிக்கு என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். தங்கச்சியின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மோட்டார், பேரிங்கு என்று ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் நேரே எதிர்க் கடைக்குப் போய் இட்லி வாங்கி வந்தார். மூன்று பேரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தோம்.

அந்த இட்லியை எப்படிச் சொல்வது? சாதாரண ரோட்டோரக் கடை இட்லிதான். ஓரம் கொஞ்சம் காய்ந்திருந்தது. தக்காளிச் சட்னியில் உப்பு சரியாக இருந்தது. அந்த உப்பு நாக்கில் பட்டதும் கண்ணில் தண்ணீர் நின்றது. எதிரே நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். "மதினி, முதல் நாள்ல இருந்து ஆரம்பிக்கணுமே" என்றாள். மூவரும் சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து எட்டிப் பார்த்தார்.

மறுநாள் வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் குரூப்பில் ஒரு குரல் பதிவு போட்டாள். யாரையும் குறை சொல்லவில்லை. தனக்கு நடந்ததைச் சொல்லி, மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் அவளைக் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். நான் நானாகவே வெளியே வந்தேன். ஆனால் அந்தப் பதிவு அழிக்கப்படுவதற்கு முன்பு இரண்டு பெண்கள் கேட்டிருந்தார்கள். அதில் ஒருத்தி இரண்டு நாள் கழித்து நாத்தனாரைத் தனியாகக் கூப்பிட்டாள். சாறு குடிக்க ஆரம்பித்ததும் பி.பி. மாத்திரையை நிறுத்தியிருந்தாளாம், இப்போது டாக்டரிடம் போய்த் திரும்பவும் போட ஆரம்பித்துவிட்டாளாம். அந்தச் செய்தியைச் சொன்னபோது நாத்தனாரின் குரலில் இருந்த நிறைவு, மூன்றரைக் கிலோ குறைந்த அன்றுகூட இருந்ததில்லை.

டாக்டர் அம்மா சொன்னது போலவே, பத்து நாளில் எனக்கு மூன்று கிலோ திரும்பி வந்துவிட்டது. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் பிரிட்ஜ் மேலிருந்த பத்திரிகையையும் கரண்ட் பில்லையும் நகர்த்திவிட்டு அந்தக் கால்படத் தாளை எடுத்தேன்.

அப்புறம் நடந்தது எதுவும் போட்டோ எடுத்துப் போடுகிற மாதிரியான விஷயம் இல்லை. காலையில் பத்து நிமிடம், நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்குவேன். சாயங்காலம் கண்மாய்க் கரையில் வீட்டுக்காரரோடு நடப்பேன். முதலில் அடுத்த தெருவரைதான் போக முடிந்தது. தட்டில் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் பொரியலை நிரப்பினேன். ஐந்து டீ இரண்டானது, சீனி அரைக் கரண்டியானது. வாரத்தில் இரண்டு நாள் அவித்த முட்டை. பசியோடு படுத்த நாள் ஒன்றுகூட இல்லை. பக்கத்து வீட்டு விசேஷத்தில் பிரியாணி போட்டால் சாப்பிட்டேன், மறுநாள் பழையபடி நடந்தேன். மாதம் ஒரு கிலோ குறையும், சில மாதம் அதுவும் குறையாது. ஒரு வருடத்தில் ஏழு கிலோ இறங்கியது, இறங்கியது அப்படியே நிற்கிறது. வலி முழுக்கப் போகவில்லை. ஆனால் பஸ் படியில் எந்தக் காலை வைக்கிறேன் என்று இப்போது நான் கவனிப்பதில்லை.

கேண்டீனிலும் ஒன்று மாறியது. புதன்கிழமை சாயங்காலம் டீயோடு வடைக்குப் பதில் சுண்டல் கொடுக்க ஆரம்பித்தேன். முதல் வாரம் முணுமுணுத்தார்கள். போர்மேன் அண்ணன் மட்டும் இரண்டாவது தடவை வந்து தட்டை நீட்டினார். "நல்லா இருக்கும்மா. உப்பு சரியா இருக்கு" என்று அழுத்திச் சொன்னார். புளிக்குழம்பை அவர் மறக்கவில்லை என்று தெரிந்துகொண்டேன். பால்காரரிடம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வாரமே மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

நாத்தனாருக்கு டாக்டர் அம்மா மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். மூன்று வேளையும் அளவாகச் சாப்பிடுகிறாள். சுகர் நூறுக்கு வரவில்லை, ஆனால் இருநூறுக்கும் போவதில்லை. அதுவே நல்ல நிலைமை என்று டாக்டர் அம்மா சொல்லிவிட்டார். அவளுக்கு அதில் திருப்திதான். தையல் பையில் எப்போதும் இரண்டு மிட்டாய் வைத்திருக்கிறாள். ஜாக்கெட் கொடுக்க வருகிறவர்களின் பிள்ளைகள் கேட்டால்கூட அந்த இரண்டை மட்டும் தரமாட்டாள்.

தினமும் காலையில் நான் கப்பலூரில் இறங்கி நடக்கும்போது அவள் போன் வரும். முன்பெல்லாம் யார் வீட்டில் என்ன சண்டை என்றுதான் பேசுவோம். இப்போது முதல் கேள்வி சாப்பாடுதான். இன்றைக்கும் கூப்பிட்டாள்.

"சாப்பிட்டீகளா மதினி?"

"இல்ல, போய்த்தான். நீ?"

"ரெண்டு தோசை, பீர்க்கங்காய்த் துவையல். நேத்து கொல்லையில காச்சது. எம்புட்டுப் பிஞ்சுங்கிறீக!"

"சும்மா இரு புள்ள, பசிக்குது" என்றேன். கேண்டீன் கதவைத் திறந்து, முதல் வேலையாக, வீட்டிலிருந்து கொண்டுவந்த மாவில் எனக்கு இரண்டு தோசை ஊற்றிக்கொண்டேன்.